கொழுந்தின் நொதியத்தை எந்தச் செறிவில், எந்த நிமிடத்தில் அளப்பது?

வாட்டிய கொழுந்து ரோலரில் அரைபடும்போது இலைக் கலங்கள் சிதைகின்றன. அதுவரை புன்வெற்றிடத்துக்குள் தனித்திருந்த, பீனோல் வகைச் சேர்மங்களான கட்டெக்கின்களும், பச்சையவுருமணியோடு ஒட்டியிருந்த பொலிபீனோல் ஒட்சிடேஸ் என்னும் நொதியமும் அப்போதுதான் ஒன்றாகக் கலக்கின்றன. காற்றிலிருந்து ஒட்சிசனும் வந்து சேர, பச்சைத் தூள் சற்று நேரத்தில் செம்பு நிறத்துக்கு மாறத் தொடங்குகிறது. இந்த ஒட்சியேற்றத்தில் முதலில் தியாஃப்ளேவின்கள் உருவாகின்றன. பின்னர் அவையும் மேலும் ஒட்சியேறித் தியாரூபிஜின்களாகின்றன. தேநீருக்குப் பொன்னிறப் பளபளப்பையும் நாவில் உறைக்கும் விறுவிறுப்பையும் தருபவை முன்னவை. நிறத்தின் அடர்த்தியையும் கனத்தையும் தருபவை பின்னவை. தூளை எப்போது டிரையருக்கு அனுப்புவது என்று பெக்டரியில் டீ மேக்கர் எடுக்கும் முடிவு, உண்மையில் இவ்விரண்டு தாக்கங்களின் வேகங்களைப் பற்றிய முடிவாகும்.

அவர் அதை மணத்தாலும் நிறத்தாலும் அறிகிறார். ஆய்வுகூடத்துக்கு எண்கள் வேண்டும். தாக்கம் எவ்வளவு விரைவாக நடக்கிறது, கீழ்ப்படையின், அதாவது நொதியம் மாற்றியமைக்கும் பொருளின், செறிவோடு அந்த வீதம் எப்படி மாறுகிறது, வெப்பநிலை ஒரு பாகை கூடினால் என்னவாகும் என்பவற்றை விவரிக்கும் மாறிலிகளே இயக்கப்பாட்டியற் பரமானங்கள் எனப்படுகின்றன. தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் 1925இல் தொடங்கப்பட்டது. பேராதனைப் பல்கலைக்கழகமும் மலையகத்தின் வாயிலிலேயே இருக்கிறது. ஆகவே, நொதிய அளவீடு இப்பிரதேசத்துக்குப் புதிய விடயமன்று. எனினும், அளவீடுகளை எப்படித் திட்டமிடுவது என்ற கேள்விக்கு நமது செய்முறைக் கையேடுகள் ஒதுக்கும் இடம் மிகக் குறைவு. செறிவுகளைச் சம இடைவெளியில் அடுக்கி, ஒவ்வொன்றையும் மும்முறை அளந்து, சராசரியை எடுத்து வரைபு வரைவதே பெரும்பாலும் பழக்கமாக இருக்கிறது. அந்தப் பழக்கம் எவ்வளவு பொருளையும் நேரத்தையும் வீணாக்குகிறது என்பதைக் கணக்கிட்டே காட்ட முடியும்.

முதலில் அந்தத் தூளையே எடுத்துக்கொள்வோம். கட்டெக்கின் தியாஃப்ளேவினாகிறது, தியாஃப்ளேவின் தியாரூபிஜினாகிறது என்ற தொடரை மிக எளிமைப்படுத்தி, ஒன்றையடுத்து ஒன்றாக நிகழும் இரண்டு முதலாம் வரிசைத் தாக்கங்களாக, அதாவது தாக்கும் பொருளின் செறிவுக்கு விகிதசமமாக வீதம் அமையும் தாக்கங்களாக, கருதலாம். உண்மை இதைவிடச் சிக்கலானது. ஆயினும் நடுவிலுள்ள பொருள் முதலில் ஏறி, ஓர் உச்சத்தைத் தொட்டு, பிறகு இறங்கும் என்ற வடிவத்தை இந்த மாதிரி சரியாகவே காட்டுகிறது. தற்செயலாக, நேர்கோட்டில் அமையாத மாதிரிகளுக்கான பரிசோதனைத் திட்டமிடலைப் பற்றி ஜோர்ஜ் பொக்ஸும் எச். எல். லூக்காஸும் 1959இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வுரையில் எடுத்துக்காட்டாக வந்ததும் இதே தொடர்தான். முதலாவது தாக்கத்தின் வீத மாறிலி 0.7, இரண்டாவதன் வீத மாறிலி 0.2 என்று கொண்டு, நடுப்பொருளை இரண்டே இரண்டு நேரங்களில் மட்டும் அளக்கலாமென்றால் எந்த நேரங்களைத் தெரிவது என்று அவர்கள் கேட்டார்கள். விடை 1.23, 6.86 என வந்தது. இந்த மாறிலிகளுக்கு நடுப்பொருள் உச்சத்தைத் தொடும் நேரம் ஏறத்தாழ 2.5 ஆகும். அதாவது, உச்சத்துக்குச் செல்லும் வழியில் பாதித் தூரத்தில் ஒரு தடவையும், உச்சம் கடந்து வெகுநேரமான பின் இன்னொரு தடவையும் அளக்க வேண்டும்.

இதை நிமிடங்களுக்கு மாற்றிப் பார்த்தால் விடயம் இன்னும் தெளிவாகும். உச்சம் 100ஆம் நிமிடத்தில் வருகிறது என்று வைத்துக்கொண்டால், அளக்க வேண்டிய நேரங்கள் 49ஆம் நிமிடமும் 274ஆம் நிமிடமும் ஆகும். நம்மில் பெரும்பாலானோர் செய்வது வேறு. தியாஃப்ளேவின் அதிகமாக இருக்கும் நேரமே முக்கியமானது என்ற எண்ணத்தில் 80ஆம், 120ஆம் நிமிடங்களைச் சுற்றியே மாதிரிகளைக் குவிக்கிறோம். அப்படிக் குவித்தால், இரண்டு வீத மாறிலிகளையும் அதே கூட்டுத் துல்லியத்தோடு பெறுவதற்கு மூன்று மடங்கு மாதிரிகள் தேவைப்படும். உச்சத்தின் அருகே ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்வதால், முதலாவது மாறிலியைச் சற்றுக் கூட்டி இரண்டாவதையும் அதற்கேற்பச் சற்றுக் கூட்டினால் வளைகோடு அங்கே ஏறக்குறைய அதே இடத்தில்தான் நிற்கும். 49ஆம் நிமிடத்தில் உருவாக்கத்தின் வேகம் மேலோங்கியிருக்கிறது. 274ஆம் நிமிடத்தில் உருவாக்கம் பெரும்பாலும் முடிந்து சிதைவின் வேகம் மட்டும் தனித்துத் தெரிகிறது. டீ மேக்கருக்கு வேண்டிய நிமிடமும் ஆய்வாளருக்கு வேண்டிய நிமிடமும் வேறு வேறாக இருப்பதற்குக் காரணம் இதுவே. பெக்டரியில் 274ஆம் நிமிடம் வரும்போது அந்தத் தூள் டிரையரைக் கடந்து, சலித்தும் முடிந்திருக்கும். ஆகவே, அரைத்த உடனேயே சிறிதளவு தூளை அதே தடிப்பத்தில் ஒரு தட்டில் தனியே பரப்பி, அதே ஈரப்பதனில் வைத்திருக்க முன்கூட்டியே ஏற்பாடு செய்தாலொழிய இந்த அளவீடு கிடைக்காது. தொடக்கத்தில் இருந்த கட்டெக்கினின் அளவும் தெரியாதென்றால் அதுவும் ஒரு பரமானமாகிவிடும். அப்போது மூன்றாவது நேரமொன்றும் தேவைப்படும்.

இனி ஆய்வுகூட மேசைக்கு வருவோம். நொதியத்தின் இயல்பைத் தனியே அறிய, இளங்கொழுந்தை உறையவைத்து, குளிர்ந்த தாங்கற் கரைசலில் அரைத்து, வடித்துச் சாறெடுக்கிறார்கள். இலையிலேயே உள்ள பீனோல்கள் நொதியத்தை ஆட்கொண்டுவிடாமல் இருக்க, அவற்றைப் பற்றிக்கொள்ளும் பொலிவைனைல்பிரோலிடோனையும் சேர்ப்பது வழக்கம். பிறகு கட்டெக்கோல் போன்ற ஒரு கீழ்ப்படையைக் குவெட் என்னும் ஒளிபுகும் சிறு கலனில் இட்டு, சாற்றில் சில பத்து மைக்ரோலீற்றரைச் சேர்த்து, நிறமாலை ஒளிமானியில் 420 நனோமீற்றர் அலைநீளத்தில் அகத்துறிஞ்சல் எப்படி ஏறுகிறதென்று பார்க்கிறார்கள். முதலில் கோடு நேராக ஏறும்; விரைவிலேயே வளையத் தொடங்கும். கீழ்ப்படை குறைவது மட்டும் அதற்குக் காரணமன்று. தாக்கத்தின்போதே நொதியத்தின் ஒரு பகுதி நிரந்தரமாகச் செயலிழந்துபோவதும், விளைபொருளான குவினோன்கள் தமக்குள் மேலும் தாக்கமுற்று வேறு நிறப்பொருட்களாவதும் இந்த நொதியக் குடும்பத்தின் அறியப்பட்ட குணங்கள். எனவே, நேராக உள்ள தொடக்கப் பகுதியின் படித்திறனை மட்டும் எடுத்து, அதையே தொடக்க வீதம் என்று கொள்ள வேண்டும். சாற்றைச் சேர்த்துக் கலக்கிக் குவெட்டை உள்ளே வைப்பதற்குள் அரை நிமிடம் கழிந்துவிட்டால், அளப்பதற்கு வேண்டிய பகுதியில் பெரும்பங்கு கைநழுவிப் போயிருக்கும்.

தொடக்க வீதத்துக்கும் கீழ்ப்படைச் செறிவுக்கும் உள்ள தொடர்பை லியோனோர் மைக்கேலிஸும் மோட் மென்டனும் 1913இல் பேர்லினில் வெளியிட்டார்கள். கரும்புச் சீனியைப் பிளக்கும் இன்வர்டேஸ் நொதியத்தில் அவர்கள் வேலை செய்தார்கள். அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன் விக்டர் ஹென்றி இதே வடிவமுள்ள சமன்பாட்டை முன்வைத்திருந்தார். உச்ச வீதத்தைச் செறிவால் பெருக்கி, மைக்கேலிஸ் மாறிலியும் செறிவும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுத்தால் வீதம் கிடைக்கும் என்பதே அந்தச் சமன்பாடு. வீதம் உச்சத்தின் பாதியை அடையும் செறிவே மைக்கேலிஸ் மாறிலி. ஆக, தேட வேண்டிய பரமானங்கள் இரண்டு: உச்ச வீதமும் மைக்கேலிஸ் மாறிலியும்.

நம்மிடம் பத்துக் குவெட்டுகளுக்குப் போதுமான நொதியச் சாறு இருக்கிறது என்றும், கரைதிறனும் விலையும் கருதி லீற்றருக்கு 10 மில்லிமோலுக்கு மேல் கீழ்ப்படையைப் பயன்படுத்த முடியாது என்றும் வைத்துக்கொள்வோம். மைக்கேலிஸ் மாறிலி 2 மில்லிமோல் அளவில் இருக்கலாம் என்பது முன்னோட்டப் பரிசோதனையில் கிடைத்த ஊகம். ஒவ்வோர் அளவீட்டிலும் உச்ச வீதத்தின் 3 சதவீத அளவுக்கு நியம விலகல் இருக்கிறது. வழக்கமான முறைப்படி 1, 2, 3 என்று 10 வரை ஒவ்வொரு செறிவிலும் ஒரு குவெட்டை அளந்தால், மைக்கேலிஸ் மாறிலியின் நியம வழு ஏறத்தாழ 0.25 ஆகும். அதே பத்துக் குவெட்டுகளில் ஐந்தை 10 மில்லிமோலிலும், ஐந்தை 1.43 மில்லிமோலிலும் அளந்தால் நியம வழு 0.17 ஆகக் குறைகிறது. மாறற்றிறனில், அதாவது நியம வழுவின் வர்க்கத்தில், பார்த்தால் இது இரு மடங்குக்கும் சற்று அதிகமான வேறுபாடு. சம இடைவெளித் திட்டத்தில் இதே துல்லியத்தை எட்ட வேண்டுமானால் பத்துக்குப் பதிலாக இருபத்திரண்டு குவெட்டுகள் வேண்டும். இறக்குமதி செய்யும் தூய கட்டெக்கின்களை மில்லிகிராம் கணக்கில் வாங்க வேண்டிய நிலையில், அதிலும் 2022இன் அந்நியச் செலாவணி நெருக்கடிக்குப் பின், இந்த வேறுபாட்டை அற்பமென்று தள்ளிவிட இயலாது.

அந்த 1.43 எங்கிருந்து வந்தது? ஓர் அளவீடு ஒரு பரமானத்தைப் பற்றி எவ்வளவு சொல்கிறது என்பது, அந்தப் பரமானத்தைச் சிறிது மாற்றினால் அந்த இடத்தில் எதிர்வுகூறப்படும் வீதம் எவ்வளவு மாறும் என்பதைப் பொறுத்திருக்கிறது. இந்த உணர்திறன்களை எல்லா அளவீடுகளுக்கும் கூட்டி ஓர் அட்டவணையாக, கணித மொழியில் ஒரு தாயமாக, அமைத்தால் கிடைப்பதே பிஷர் தகவல் தாயம். ரொதம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் 1919 முதல் பணியாற்றிய ரொனால்ட் பிஷரின் பெயரை அது தாங்கியிருக்கிறது. அத்தாயத்தின் துணிகோவை (அதன் உறுப்புகளிலிருந்து கணிக்கும் ஒற்றை எண்) உச்சமாகும்படி செறிவுகளைத் தெரிந்தால், இரண்டு பரமானங்களும் சேர்ந்து அமைக்கும் நம்பிக்கைப் பரப்பு மிகச் சிறியதாகும். மைக்கேலிஸ்–மென்டன் சமன்பாட்டுக்கு இதை ஒரு பக்கத்துக்குள் தீர்த்துவிடலாம். பாதி அளவீடுகளைப் பயன்படுத்தக்கூடிய மிக உயர்ந்த செறிவிலும், மீதியை அதைவிடக் குறைந்த ஒரு செறிவிலும் எடுக்க வேண்டும். அந்தக் குறைந்த செறிவை, உயர்ந்த செறிவையும் மைக்கேலிஸ் மாறிலியையும் பெருக்கி, உயர்ந்த செறிவோடு மாறிலியின் இரு மடங்கைக் கூட்டிய தொகையால் வகுத்துப் பெறலாம். இதில் கையாள்வதற்கு வசதியான ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது: உயர்ந்த செறிவில் கிடைக்கும் வீதத்தின் சரியான பாதி எந்தச் செறிவில் கிடைக்கிறதோ, அதுவே அந்த இரண்டாவது செறிவு. சூத்திரம் எதுவும் நினைவில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. உச்சச் செறிவில் ஒரு தடவை அளந்துவிட்டு, வீதம் பாதியாகும் வரை கரைசலை ஐதாக்கிக்கொண்டே வந்தால் சரியான இடத்தை அடைந்துவிடலாம். செய்முறைக் கையேடுகளில் இந்த ஒரு வரியாவது இடம்பெற வேண்டும் என்பது என் கருத்து.

இங்கே நியாயமான ஓர் ஆட்சேபம் எழும். மைக்கேலிஸ் மாறிலியைக் கண்டுபிடிக்கத்தானே பரிசோதனை. அதைத் தெரிந்துகொண்டால்தான் திட்டமிடலாம் என்றால் அது வட்டத்துக்குள் சுற்றும் வாதமாகாதா? ஆகும்; ஆனால் வட்டம் அவ்வளவு இறுக்கமானதன்று. உண்மையான பெறுமானம் 6 ஆக இருக்கும்போது 2 என்று தவறாக ஊகித்து 1.43, 10 ஆகிய செறிவுகளில் அளந்தால், சரியான ஊகத்தோடு ஒப்பிடுகையில் மாறற்றிறன் 20 சதவீதமளவே கூடும். அந்தத் தவறான திட்டத்தைவிடவும் சம இடைவெளித் திட்டத்தின் மாறற்றிறன் 40 சதவீதத்துக்கு மேல் அதிகம். மூன்று மடங்கு பிழைத்த ஊகம் கூட, ஊகிக்காமல் செய்வதைவிட மேலானதாக இருக்கிறது. அதற்கும் மேலே, சாறு முழுவதையும் ஒரே நாளில் செலவழிக்காமல், முதலில் மூன்று நான்கு குவெட்டுகளால் உத்தேசமாக அறிந்து, அந்தப் பெறுமானத்தைக் கொண்டு அடுத்த தொகுதியின் செறிவுகளைத் திருத்திக்கொள்ளும் படிமுறைத் திட்டம் எவருக்கும் கைக்கெட்டியதே.

ஊகத்தைவிட ஆபத்தானது உச்சச் செறிவின் எல்லை. மைக்கேலிஸ் மாறிலி 20 மில்லிமோலாக இருந்து, நம்மால் 10 வரை மட்டுமே போக முடியுமானால், மிகச் சிறந்த திட்டத்தில் பத்துக் குவெட்டுகளை அளந்த பிறகும் நியம வழு அந்த மாறிலியின் 54 சதவீதமாக இருக்கும். மாறிலி 2 ஆக இருந்தபோது அது 9 சதவீதத்துக்கும் குறைவு. அடிவாரத்துச் சரிவை மட்டும் அளந்துவிட்டு, மூடுபனிக்குள் மறைந்திருக்கும் மலையுச்சியின் உயரத்தைச் சொல்ல முயல்வதைப் போன்றது இது. சரிவைத் துல்லியமாகச் சொல்லலாம், அதாவது உச்ச வீதத்தை மைக்கேலிஸ் மாறிலியால் வகுத்த விகிதத்தை நம்பலாம். இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. இத்தகைய தரவுகளிலிருந்தும் கணினி தயங்காமல் இரண்டு எண்களைத் தந்துவிடும் என்பதால், அவற்றின் நம்பிக்கை எல்லைகளைப் பார்க்காமல் அட்டவணையில் ஏற்றுவது ஆபத்தானது.

இதுவரை சொன்னவை எல்லாம் அளவீட்டு வழு எல்லாச் செறிவுகளிலும் ஒரே அளவானது என்ற எடுகோளின் மேல் நிற்கின்றன. ஒளிமானியின் இரைச்சல் பெரும்பாலும் அப்படிப்பட்டது. ஆனால் குழாயியால் எடுக்கும் கன அளவில் வரும் வழு வீதத்துக்கு விகிதசமமாகவே இருக்கும். வழு முழுவதும் விகிதசமமானதென்றால், சிறந்த திட்டம் இரண்டு அந்தங்களுக்கே போய்விடும்: நம்பி அளக்கக்கூடிய மிகக் குறைந்த செறிவும் மிக உயர்ந்த செறிவும். உண்மையான கருவிகள் இவ்விரண்டுக்கும் இடையில் எங்கோ இருக்கின்றன. எனவே, திட்டமிடுவதற்கு முன்னர் ஒரு தாழ்ந்த செறிவிலும் ஓர் உயர்ந்த செறிவிலும் சில தடவைகள் அளந்து, வழு எப்படி மாறுகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இதைச் செய்யாமலே 1934இல் லைன்வீவரும் பேர்க்கும் முன்வைத்த தலைகீழ் வரைபை, அதாவது வீதத்தின் தலைகீழைச் செறிவின் தலைகீழுக்கு எதிரே குறிக்கும் நேர்கோட்டு வரைபை, இன்றும் பல வகுப்பறைகளில் வரைகிறோம். வீதத்தைத் தலைகீழாக்கும்போது, வீதம் ஐந்தில் ஒன்றாகும் இடத்தில் வழு இருபத்தைந்து மடங்காகப் பெருகுகிறது. நேர்கோட்டின் படித்திறனைத் தீர்மானிப்பவையோ அந்தக் கடைக்கோடிப் புள்ளிகளே. கணினி இல்லாத காலத்தில் அந்த வரைபுக்கு ஒரு தேவை இருந்தது. இன்று ஒரு கைப்பேசியாலும் வளைகோட்டை நேரடியாகப் பொருத்த முடியும்.

இரண்டே செறிவுகள் கொண்ட திட்டத்துக்கு ஒரு பெரிய குறை உண்டு. சமன்பாடே தவறாக இருந்தால் அதைக் கண்டுகொள்ள வழியில்லை. இரண்டு புள்ளிகளினூடாக எந்த இரு பரமான வளைகோட்டையும் இழுத்துவிடலாம். கீழ்ப்படை மிகும்போது வீதம் குறையும் தடுப்பு சில நொதியங்களில் காணப்படுகிறது. பொலிபீனோல் ஒட்சிடேஸிலும் கீழ்ப்படையைப் பொறுத்து இது தென்படுவதுண்டு. அப்படியானால் மூன்றாவது பரமானமொன்று சேர்ந்து, குறைந்தது மூன்று செறிவுகள் தேவைப்படும். ஆகவே, பத்தில் ஆறு அல்லது ஏழு குவெட்டுகளைச் சிறந்த இரண்டு இடங்களிலும், மற்றவற்றை இடைப்பட்ட இரண்டு மூன்று செறிவுகளிலும் வைப்பது நடைமுறையில் நல்ல சமரசம். துல்லியத்தில் சிறிதை விட்டுக்கொடுத்து, மாதிரி பொருந்துகிறதா என்று சோதிக்கும் வாய்ப்பை வாங்குகிறோம்.

கணக்கில் இதுவரை வராத இன்னொரு வழு, பெரும்பாலும் எல்லாவற்றிலும் பெரியது: கொழுந்துக்குக் கொழுந்து உள்ள வேறுபாடு. தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் ரி.ஆர்.ஐ. 2025 என்னும் ஒரே இனச் செடியிலிருந்து எடுத்தாலும், மழை நாளில் பறித்த கொழுந்தும் வரட்சியில் பறித்த கொழுந்தும் ஒரே அளவு நொதியத்தைத் தராது. சாற்றுக்குச் சாறு வேறுபாடு 15 சதவீதம், குவெட்டுக்குக் குவெட்டு வேறுபாடு 3 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஒரே சாற்றிலிருந்து பன்னிரண்டு குவெட்டுகளை அளந்து பெறும் உச்ச வீதத்தின் உண்மையான நிச்சயமின்மை இன்னும் 15 சதவீதமே. நான்கு வெவ்வேறு சாறுகளிலிருந்து மும்மூன்று குவெட்டுகளை அளந்தால் அது 7.5 சதவீதமாகக் குறையும். குவெட்டுகளின் எண்ணிக்கை இரண்டிலும் பன்னிரண்டுதான். ஆய்வறிக்கைகளில் ‘மும்முறை அளக்கப்பட்டது’ என்று வரும்போது, அது மூன்று குவெட்டுகளா, மூன்று சாறுகளா, மூன்று நாட் கொழுந்தா என்று கேட்பது வாசகரின் உரிமை.

மைக்கேலிஸ் மாறிலியின் கதை சற்று வேறு. நொதியத்தின் அளவு கூடினாலும் குறைந்தாலும் அது மாறாது. உச்ச வீதம்தான் அளவோடு ஏறி இறங்கும். இதனால், ஒவ்வொரு சாற்றிலும் உயர்ந்த செறிவு, தாழ்ந்த செறிவு இரண்டையும் அளந்து, சாறு ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உச்ச வீதமும் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு மைக்கேலிஸ் மாறிலியும் இருப்பதாகப் பொருத்தினால், சாறுகளுக்கிடையிலான வேறுபாடு மாறிலியைத் தொடாமல் விலகிவிடும். பிஷர் வயல்களைத் தொகுதிகளாகப் பிரித்ததற்குப் பின்னாலிருந்த எண்ணமே இங்கும் வேலை செய்கிறது. திங்கட்கிழமைச் சாற்றில் தாழ்ந்த செறிவுகளையும் செவ்வாய்க்கிழமைச் சாற்றில் உயர்ந்த செறிவுகளையும் அளந்தால், இந்த அனுகூலம் முழுவதும் போய்விடுவதோடு, நாள் வேறுபாடு செறிவின் விளைவாக வேடமிட்டு வரும்.

அளக்கும் ஒழுங்குக்கும் இதே அக்கறை வேண்டும். பனிக்கட்டியில் வைத்திருந்தாலும் சாறு மணிக்கணக்கில் தன் செயற்பாட்டை இழக்கிறது. தாழ்ந்த செறிவில் தொடங்கி உயர்ந்த செறிவை நோக்கிப் போனால், கடைசியில் அளக்கும் உயர்ந்த செறிவுகளின் வீதம் குறைந்து தெரியும். வளைகோடு உரிய காலத்துக்கு முன்பே தட்டையாகி, மைக்கேலிஸ் மாறிலி உண்மையைவிடச் சிறிதாகக் கிடைக்கும். சில வேளை இல்லாத கீழ்ப்படைத் தடுப்பும் தென்படும். எதிர்த்திசையில் போனால் மாறிலி பெரிதாகும். செறிவுகளின் ஒழுங்கைக் குலுக்கிப் போட்டு அளப்பதும், தொடக்கத்திலும் நடுவிலும் இறுதியிலும் ஒரே நியமக் குவெட்டை மீண்டும் அளந்து இழப்பைக் கண்காணிப்பதும் செலவில்லாத காப்பீடுகள்.

மலைநாட்டில் வேலை செய்பவர்கள் கவனிக்க வேண்டிய தனி விடயமொன்று ஒட்சிசன். இந்தத் தாக்கத்தில் இரண்டு கட்டெக்கோல் மூலக்கூறுகளுக்கு ஓர் ஒட்சிசன் மூலக்கூறு செலவாகிறது. அதாவது கட்டெக்கோலோடு ஒட்சிசனும் ஒரு கீழ்ப்படைதான். கடல் மட்டத்தில் 25 பாகை செல்சியஸில் காற்றோடு சமநிலையிலுள்ள நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 8.3 மில்லிகிராம் ஒட்சிசன் கரைந்திருக்கும். ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் வளிமண்டல அமுக்கம் கடல் மட்டத்தின் ஐந்தில் நான்கு பங்களவே என்பதால், அதே வெப்பநிலையில் அந்த அளவு 6.6 மில்லிகிராமுக்கு இறங்கிவிடும். கொழும்பில் அளந்த உச்ச வீதத்தையும் நுவரெலியாவில் அளந்த உச்ச வீதத்தையும் ஒப்பிடும்போது, நொதியம் ஒட்சிசனால் நிரம்பிய நிலையில் இல்லையென்றால், நொதியத்தின் வேறுபாடாகத் தோன்றுவது உயரத்தின் வேறுபாடாக இருக்கலாம். மேலும், 6.6 மில்லிகிராம் என்பது லீற்றருக்கு 0.21 மில்லிமோல் மட்டுமே. குவெட்டில் 10 மில்லிமோல் கட்டெக்கோல் இருந்தாலும், வெளியிலிருந்து ஒட்சிசன் புகாவிட்டால் அதில் 0.4 மில்லிமோலுக்கு மேல் ஒட்சியேற முடியாது. முழுமையான திட்டம் கட்டெக்கோலையும் ஒட்சிசனையும் சேர்த்தே மாற்ற வேண்டும். அதற்கு ஒட்சிசன் மின்வாயும் வாயுக் கலவையும் தேவை. அவை இல்லாத இடத்தில், அளந்த இடத்தின் உயரத்தையும் குவெட்டின் வெப்பநிலையையும் அறிக்கையில் எழுதிவைப்பது குறைந்தபட்சக் கடமை.

வெப்பநிலையைப் பொறுத்தவரை, பத்துப் பாகைக்கு வீதம் இரு மடங்காகும் ஒரு நொதியத்தில் ஒரு பாகை வேறுபாடே வீதத்தை 7 சதவீதம் மாற்றிவிடும். காலைக் குளிரில் எடுத்த குவெட்டும் நண்பகலில் எடுத்த குவெட்டும் வெப்பநிலைக் கட்டுப்பாடின்றி அளக்கப்பட்டால், மேலே சொன்ன 3 சதவீத வழுவுக்குப் பொருளில்லை. வெப்பநிலையோடு வீதம் எவ்வளவு கூடும் என்பதைத் தீர்மானிக்கும் ஏவற் சக்தியை மதிப்பிடுவதே நோக்கமென்றால், வெப்பநிலை வீச்சின் இரு அந்தங்களிலும் அளப்பது சிறந்தது. ஆனால் மேல் அந்தத்தில் நொதியம் சிதையத் தொடங்கும் என்பதால், எல்லையை முதலில் தனியே கண்டறிய வேண்டும்.

ஒற்றை நொதியத்திலிருந்து பல தாக்கங்கள் பின்னிய கல வலையமைப்புகளுக்குப் போகும்போது பரமானங்கள் பத்துக்கணக்கில் பெருகுகின்றன. 2007இல் குட்டன்குன்ஸ்டும் அவருடைய சகாக்களும் இத்தகைய 17 மாதிரிகளைச் சோதித்து, எல்லாவற்றிலும் சில பரமானச் சேர்க்கைகள் மட்டும் இறுக்கமாகக் கட்டுப்பட்டு, மற்றவை தளர்ந்தே கிடப்பதைக் காட்டினார்கள். 2010இல் அப்கார் குழுவினர் மறுபக்கத்தை எடுத்துரைத்தார்கள்: 48 பரமானங்கள் கொண்ட ஒரு சமிக்ஞை மாதிரியில், ஒன்றுக்கொன்று துணையாக அமையும் ஐந்து பரிசோதனைகளைக் கணித்துத் தெரிந்தால், எல்லாப் பரமானங்களையும் 10 சதவீதத்துக்குள் மதிப்பிடலாம் என்று கணினிவழி நிறுவினார்கள். அந்தத் துல்லியத்துக்குத் தேவைப்படும் தரவின் அளவும் தரமும் நடைமுறையில் கிடைக்குமா என்ற விவாதம் அதைத் தொடர்ந்தது.

எந்தத் திட்டத்தாலும் தீர்க்க முடியாத சிக்கல்களும் உண்டு. கொழுந்துச் சாற்றில் அளக்கும் உச்ச வீதம், நொதியத்தின் அளவையும் ஒரு நொதிய மூலக்கூறு ஒரு செக்கனில் மாற்றும் கீழ்ப்படை மூலக்கூறுகளின் எண்ணிக்கையையும் பெருக்கிய பெருக்கமாகும். செறிவை எப்படி மாற்றினாலும், குவெட்டுகளை எத்தனை ஆயிரமாக்கினாலும், அந்தப் பெருக்கத்திலிருந்து இரண்டு காரணிகளும் பிரிந்து வரமாட்டா. ஓர் இனச் செடியின் சாறு இன்னொன்றைவிட வேகமாகச் செம்மையாவதற்குக் காரணம் நொதியம் அதிகமாக இருப்பதா, அல்லது நொதியமே திறமையானதா என்று சொல்ல வேண்டுமானால், நொதியத்தைத் தூய்மையாக்கி அதன் அளவைத் தனியே துணிய வேண்டும். அதற்கு முன் குவெட்டுகளைக் கூட்டுவதில் பயனில்லை.